உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர்: சாது சுந்தர் சிங்கும் திருவனந்தபுரமும்

சாது சுந்தர் சிங்கைப் பற்றிய நூல்களைச் சேர்த்தால் ஓர் அலமாரி நிறையும். அவற்றுள் லண்டன் வரை போய்ச் சேர்ந்த ஆரம்பகால வரலாறு ஒன்று இந்த ஊரிலிருந்து கிளம்பியது என்பது திருவனந்தபுரத்துக்காரர்களிலேயே பலர் அறியாத செய்தி. பாளையத்தை ஒட்டி இன்றும் எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தில் மக்கள் சொல்லும் லண்டன் மிஷனில் ஊழியம் செய்தவர் ஆர்தர் பார்க்கர். அவருடைய மனைவி ரெபெக்கா பார்க்கர் எழுதிய நூலை 1918இல் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்குள் அது லண்டனிலும் அச்சேறியது. பஞ்சாபில் பிறந்து, இமயமலைப் பாதைகளில் அலைந்த ஒருவரின் கதை தென்கோடியில் ஏன் எழுதப்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அவர் வாழ்க்கையின் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

பிறப்பு 1889 செப்டம்பர் 3. லூதியானாவை அடுத்த ராம்பூர். வசதியான சீக்கியக் குடும்பம். தாய் இறந்த துக்கத்திலும் ஆத்திரத்திலும் அந்தச் சிறுவன் பைபிளைக் கிழித்துத் தீயிலிட்டதும், 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் கிறிஸ்துவைத் தரிசித்ததாகச் சொன்னதும் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தவை. 1905இல், பதினாறு வயது நிறைந்த பிறந்தநாளன்று, சிம்லாவில் ஞானஸ்நானம். அடுத்த மாதமே காவி அங்கி, தலைப்பாகை, ஒரு போர்வை, உருது புதிய ஏற்பாடு. கால்களுக்குச் செருப்பில்லை. கிறிஸ்தவ ஊழியக்காரர் என்றால் கோட்டும் காலரும் என்று ஊர் பழகியிருந்த காலம் அது.

அவரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திபெத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது லாகூரில் நடந்த ஒரு சிறு சம்பவம். 1909–10இல் அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் இறையியல் கல்லூரியில் அவர் படித்தார். ஆங்கிலிக்கன் சபையில் பிரசங்கிக்க உரிமம் கொடுத்தார்கள். குருப்பட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பட்டம் ஏற்றால் தம் மறைமாவட்டத்து எல்லைக்குள் நிற்க வேண்டும், பிற சபைகளின் மேடைகளில் இஷ்டம்போல் ஏற முடியாது என்று தெரிந்ததும், அவர் உரிமத்தைப் பேராயர் லெஃப்ராயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். சண்டை இல்லை, சபையைத் துறக்கும் அறிக்கையும் இல்லை. பேராயரும் அதை ஒப்புக்கொண்டார். இதை ஒரு துறவியின் அடக்கம் என்று மட்டும் படிப்பது போதாது. அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் 1918இல் திருவிதாங்கூரில் அவருக்குக் கிடைத்த மேடைகளில் பாதி கிடைத்திருக்காது.

காரணம், அன்றைய திருவிதாங்கூர்ச் சபைகளின் நிலை. மார்த்தோமா சபையாருக்கும் யாக்கோபாயருக்கும் இடையே சொத்து வழக்கு நடந்து, 1889இல் அரசவை நீதிமன்றம் மார்த்தோமா தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. யாக்கோபாயருக்குள்ளேயே 1912க்குப் பின் பாவா கட்சி, மெத்திரான் கட்சி என்று பிளவு. கோட்டயம் பக்கம் ஆங்கிலிக்கன் மிஷனான சி.எம்.எஸ்., தெற்கே லண்டன் மிஷன், கடற்கரையில் கத்தோலிக்கர். ஒருவர் பந்தலுக்குள் மற்றவர் நுழையாத காலம். எந்தச் சபையின் முத்திரையும் இல்லாத ஒரு பஞ்சாபிக்குத்தான் மார்த்தோமாக்காரரும் கதவு திறக்க முடியும், யாக்கோபாயரும் திறக்க முடியும். அப்படியே நடந்தது. இரு தரப்புக் கூட்டங்களிலும் பல்லாயிரம் பேர் கூடினார்கள்.

வெளியூர்ப் பிரசங்கியாரைக் கேட்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1860இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் சபையில் மூண்ட எழுப்புதலின் தாக்கம் மலை தாண்டித் திருவிதாங்கூரையும் எட்டியது. அருளப்பனும் எந்த மிஷன் சங்கத்திலும் சம்பளம் வாங்காதவர். பம்பை ஆற்று மணலில் 1895இல் மாராமண் கன்வென்ஷன் தொடங்கியபோது முதல் மேடையில் பேசியவர்களில் ஒருவர், மலையாளிகள் ‘தமிழ் தாவீது’ என்று அழைத்த வி. டி. தாவீது. மாராமணின் வரலாற்றை எழுதும்போது தமிழர் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லலாம். சாது அந்த மணலில் 1918இல் வந்து நின்றபோது, வேற்று மொழிக்காரனிடம் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அந்தச் சனத்துக்கு ஒரு தலைமுறையாக இருந்தது.

அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஒரு வாக்கியம் அவர் சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும், பக்கத்தில் நிற்பவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலம் வேறு. நம் மேடைப் பேச்சின் எதுகை மோனையோ, கீர்த்தனையை இடையில் பாடிக் கூட்டத்தை நிமிர்த்தும் உத்தியோ இந்த ஏற்பாட்டில் எடுபடாது. அவர் கதை சொன்னார். கதைக்கு மொழிபெயர்ப்பில் சேதம் குறைவு. பனிப்புயலில் மயங்கிக் கிடந்த ஒருவனைத் தாம் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததையும், இரண்டு உடலின் சூடும் சேர்ந்து இருவரையும் காத்ததையும், நமக்கேன் வம்பு என்று முன்னால் விரைந்த திபெத்தியத் துணைவர் வழியில் விறைத்துக் கிடந்ததையும் பற்றிய கதை அவருடையது. பனியையே காணாத நம் ஊர்ப் பிரசங்கிகள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சொன்னவர் பெயரைப் பல சமயம் விட்டுவிட்டு.

ஆற்றில் கிடந்த கல் உவமையும் அவருடையதுதான். நீருக்குள் நெடுங்காலம் கிடந்த கல்லை எடுத்து உடைத்தால் உள்ளே ஈரமே இல்லை. நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவத்துக்குள் கிடக்கும் ஐரோப்பாவும் அப்படித்தான் என்பார். மார்த்தோமாக்காரரும் யாக்கோபாயருமான சிரியன் கிறிஸ்தவர்களிடம் அவர் வேறு சொற்களில் ஏறக்குறைய இதையே கேட்டார். இத்தனை நூற்றாண்டு நற்செய்தியைக் கையில் வைத்திருந்தும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள், அதனால்தான் கடல் கடந்து அன்னியர் வர வேண்டியதாயிற்று என்பது அவர் கண்டிப்பின் சாரம். அதே ஆண்டு இலங்கைக்குப் போனபோது கிறிஸ்தவர்களிடையே இருந்த சாதிப் பற்றை வெளிப்படையாகவே சாடினார். விருந்தாளி இப்படிப் பேசினால் அடுத்த வருடம் அழைப்பு வராது. அழைப்பை நம்பிப் பிழைப்பவர் அல்லர் என்பதால் அவரால் பேச முடிந்தது.

இலங்கையில் இன்னொன்றும் நடந்தது. சாகக் கிடந்த ஒரு பையனுக்காக அவர் கைவைத்து ஜெபித்தார், பிள்ளை பிழைத்தான். செய்தி பரவியதும் கூட்டம் பிரசங்கத்தை விட்டுவிட்டு அவர் கைகளை நோக்கி வரத் தொடங்கியது. சனங்கள் கிறிஸ்துவை விட்டுத் தம்மைப் பார்க்கிறார்கள் என்று கண்டு, இனி இதைச் செய்வதில்லை என்று அவர் நிறுத்திக்கொண்டார். சுகமளிக்கும் கூட்டம் என்று ஆளுயரப் படத்துடன் சுவரொட்டி ஒட்டுகிற நம் காலத்தில் இந்தப் பகுதியை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. அவர் பெரும்பாலும் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. அந்தந்த ஊர்ச் சபைக்கே அனுப்பிவிடுவார்.

பார்க்கர் தம்பதியரை அவர் அறிந்தது இந்தத் தெற்குப் பயணத்தில். ரெபெக்கா பார்க்கரைத் தாய் என்றே பாவித்தார். சிறு வயதில் தாயை இழந்தவருக்கு அந்த உறவு வெறும் மரியாதை வார்த்தையாக இருந்திருக்காது. பார்க்கர்களுக்கு உருது தெரியும் என்பது இலக்கிய வரலாற்றில் ஒரு நல்ல தற்செயல். சாது உருதுவில் எழுதிய ‘எஜமானின் பாதத்தில்’ என்ற முதல் நூலை 1922இல் ஆங்கிலத்தில் தந்தவர்கள் இந்த இருவரே.

இதற்கிடையில் 1919இல் பர்மா, மலாயா, சீனா, ஜப்பான். மகனை வீட்டைவிட்டு விலக்கிய தந்தை ஷேர் சிங் மனம் மாறிக் கப்பல் செலவைக் கொடுக்க, 1920இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. 1922இல் மறுபடியும் ஐரோப்பா. ஆக்ஸ்போர்டில் அவரைச் சந்தித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டவர்கள் இருவர்: பேராசிரியர் ஸ்ட்ரீட்டர், அங்கே பக்தி இலக்கியத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பாளையங்கோட்டை அ. ஜே. அப்பாசாமி. இவர்களின் நூல் 1921இல் வந்தது. திருவனந்தபுரத்துக்கு அடுத்தபடியாகத் திருநெல்வேலிச் சீமையும் சாதுவின் வரலாற்றில் கையெழுத்துப் போட்டது இப்படி.

பிறகு வந்தது வினை. திபெத்தில் அவர் பட்டதாகச் சொன்ன துன்பங்களுக்கும், கைலாய மலையில் கண்டதாகச் சொன்ன மகரிஷிக்கும் சாட்சி எங்கே என்று இயேசு சபைக் குரு ஹோஸ்டன் கேட்டார். சூரிச்சிலிருந்து ஆஸ்கார் ஃபிஸ்டர் 1926இல் ஒரு நூலே எழுதினார். ஜெர்மானியப் பேராசிரியர் ஹைலர் சாதுவுக்காக வாதாடினார். சபையோ சங்கமோ அனுப்பாமல் தனியே போனவருக்கு நாட்குறிப்பும் இல்லை, அறிக்கையும் இல்லை, உடன் போனவரும் இல்லை. லாகூரில் திருப்பிக் கொடுத்த தாளுக்கு இது அவர் கட்டிய வரி என்பேன். அந்தக் கதைகள் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஃபிஸ்டர் எடைபோட்டது காகிதங்களை. மாராமண் மணலில் உட்கார்ந்து கேட்டவர்களின் கணக்கு வேறு.

1929 ஏப்ரலில், உடல்நலம் குன்றிய நிலையில், மறுபடியும் திபெத்துக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை. 1933இல் அவர் இறந்ததாகக் கொண்டு உயிலை மெய்ப்பித்தார்கள். புத்தகங்களின் வருமானத்தில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி திபெத் ஊழியத்துக்கும் படிப்புதவிக்கும் போனது. சுந்தர் சிங் சபை என்று ஒன்று எங்கும் உருவாகவில்லை. அதைக் கேட்டவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அப்பாசாமி மட்டும் விடவில்லை. 1950 முதல் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்தவர், அந்தப் பதவியில் இருந்துகொண்டே பழைய கடிதங்களையும் சாட்சிகளையும் மறுபடி புரட்டி, 1958இல் முழு வரலாற்றை எழுதி முடித்தார்.