ஒரு பிடி மண்

எங்கள் கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் போனால் கித்துல்கலை. அங்குள்ள பெலிலென குகையைச் சிரான் தெரணியகல அகழ்ந்தபோது, 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கருகிய கெக்குணக் கொட்டைகளும் காட்டு ஈரப்பலாவின் எச்சங்களும் கிடைத்தன. உண்டவர்கள் அவற்றை விதைத்தவர்கள் அல்லர், காட்டில் பொறுக்கியவர்கள்.

பின்னர் மேற்காசியாவில் கோதுமை விதைத்தார்கள். புதிய கற்காலம் பிறந்தது. இலங்கையிலோ அந்தக் கட்டம் தெளிவாகத் தென்படவில்லை. அனுராதபுரத்தில் கி.மு. 900 அளவில் இரும்பும் மாடும் நெல்லும் சேர்ந்தே வருகின்றன.

அதுவரை உழாதது அறியாமையா? நான் ஒப்பமாட்டேன். 1974 பஞ்சத்தில் கூப்பன் மாவும் குறைந்தபோது, அம்மாயி தோட்டத்துக்கு மேலுள்ள காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டி வந்தார். எந்தக் கொடி, எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிழங்கின் தலையை மறுபடி புதைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

பொறுக்குவதற்கும் பயிரிடுவதற்கும் இடையே இருந்தது அந்த ஒரு பிடி மண்தான்.