கல்பாக்கத்துச் சோடியப் பம்புகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் கடற்கரையில், 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை எய்திய அதிவேகச் சோதனை ஈனுலையில், உருகிய சோடியத்தைச் சுற்றியோடச் செய்யும் பம்புகளின் வேகத்தை ஆண்டது, அமெரிக்கப் பொறியாளர் வார்டு லெனார்டு 1891-இல் கண்ட முறையே ஆகும். ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த ஜெனரேட்டரின் காந்தப்புலத்தை மிகுத்தும் குறைத்தும் மின்னழுத்தத்தை மாற்ற, அதற்கிசைந்து பம்பின் மோட்டார் விரைந்தோ தணிந்தோ ஓடும். இத்துணை எளிய தத்துவத்தில் இத்துணை சூட்சுமமான ஆளுகை அடங்கியிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே.

அவ்வளாகத்திலேயே 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் மின்னணு டிரைவ்கள் அப்பணியை ஏற்றன. அங்கே கணினிகள் வலைப்பின்னலால் பிணைக்கப்பட்டு, ஒன்று தவறினால் அதன் துணை உடனே காரியத்தை மேற்கொள்ளுமாறு இரட்டையாக அமைந்தன. உலையை நிறுத்தும் காப்பு ஏற்பாடுகளை மட்டும், மிக்க விவேகத்துடன், அந்தப் பொது வலைப்பின்னலை நம்பியிராதபடி தனியே வைத்தனர்.