வெளி வீதியிலிருந்து ஆடி வீதி வரை



மலர்க் குழுவினர் போன் செய்து, "ஐயா, ஹாஸ்டல் நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்க, நாலு பக்கம் போதும்" என்றார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், வார்டனுக்குத் தெரியாமல் சுவர் ஏறிக் குதித்ததைப் பற்றியும் நம்மவர்கள் எல்லா மலரிலும் எழுதிவிட்டார்கள். அந்தச் சுவருக்கு வாயிருந்தால் அழும். நான் வேறு சில சுவர்களைப் பற்றி எழுதுகிறேன். மதுரைக்கு இருந்த சுவர்களும், அவை போன இடத்தில் வந்த வீதிகளும், அந்த வீதிகளில் நாம் உட்கார்ந்து சாப்பிட்டதும்தான் விஷயம்.

1972-இல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் முதல் வாரமே சொன்னார்: "டேய், புத்தகத்தை மூடுங்க. ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு ஏ.வி. பாலத்துக்கிட்ட நில்லுங்க. நடந்தாத்தான் சரித்திரம்." பதினொரு பேர் போனோம். தூக்கக் கலக்கத்தோடு 1889-இல் திறந்த அந்தப் பாலத்தைத் தாண்டி, யானைக்கல் வழியாக ஊருக்குள் நுழைந்தோம். வைகையில் அன்றைக்கும் தண்ணீர் இல்லை!

இடித்த கோட்டை, பிறந்த வீதி

முதலில் வந்தது வெளி வீதி. "இது ஏன் வெளி?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். ஊரைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டை இருந்தது. மதிலும் அதைச் சுற்றி அகழியும். பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 1837 வாக்கில் அதை இடிக்க ஆரம்பித்தார். இடிக்கக் கூலி கொடுக்கச் சர்க்காரிடம் பணம் கிடையாது. அதனால் மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அங்கே மனை என்று ஏற்பாடு. கொஞ்ச வருஷத்தில் மதில் காணாமல் போய், அந்த இடத்தில் வீடுகளும் வெளி வீதிகளும் வந்துவிட்டன. அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. கலெக்டர் நினைவாக ஊர்க்காரர்கள் விளக்குத்தூண் வைத்தார்கள். ஒரு மேஸ்திரியின் பேரும் ஒரு வெள்ளைக்காரன் பேரும் அடுத்தடுத்த வீதியில் நிற்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

1875-இல் ரயில் வந்ததும் மேல வெளி வீதிதான் ஊருக்கு வாசலானது. ரயிலடிக்கு எதிரே லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் முளைத்தன. 1892-இல் ஹார்வி மில் வந்தது. மில் சங்குக்கு எழுந்தவர்களுக்கு விடியற்காலையிலேயே சூடாக ஏதாவது வேண்டியிருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு நடுராத்திரியில் இட்லி வேண்டியிருந்தது. இன்றைக்குத் 'தூங்கா நகரம்' என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோமே, அதில் மில் தொழிலாளியின் பங்கு பெரியது.

ஆனால் ராத்திரிக் கடை மதுரைக்குப் புதிதல்ல. தலையாலங்கானத்துப் போர் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி என இரண்டு இருக்கின்றன. அடையும் மோதகமும் விற்றவர்கள் நள்ளிரவில் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுவதை மாங்குடி மருதனார் பார்த்துவைத்திருக்கிறார். பேராசிரியர் இதைச் சொன்னபோது எதிரே ஒரு டீக்கடைப் பையன் பாய்லரில் சாய்ந்து தூங்கிக் கொண்டிருந்தான். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு உங்க வயசுதான்டா இருக்கும்" என்றார்.

மாதத்தின் பேரில் வீதி

அடுத்தடுத்து மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக அடுக்கிய ஊர். எந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியைச் சுற்றியதோ அந்த மாதம் வீதிக்குப் பேரானது. சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் சாமி மாசி வீதியில் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்துவிட்டார் என்பார்கள். மாசத்தை மாற்றியவர் வீதியின் பேரை மாற்றவில்லை.

மேல மாசி வீதியில் ஒரு மாடி வீட்டின் முன் நிறுத்தினார். 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு. 22-ஆம் தேதி காலையில் மேல்சட்டையைத் துறந்து முழங்கால் வரை மட்டும் வேட்டி கட்டி அங்கிருந்துதான் வெளியே வந்தார். வரும் வழியில் பார்த்த ஏழை ஜனங்களுக்குக் கதர் வாங்கக் காசில்லை என்றால், தானும் அந்த அளவே உடுத்துவது என்று முடிவு. உலகத்துக்கே தெரிந்த உடை நம்ம மாசி வீதியில் பிறந்தது.

ஆவணி மூல வீதியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லம், சுக்கு, கொஞ்சம் அரிசி மாவு. கரிசல் காட்டின் பருத்தி, மில்லுக்கு நூலாகவும் தெருவுக்குப் பாலாகவும் வந்த ஊர் இது. குடித்துக் கொண்டே புட்டுக் கதையைக் கேட்டோம். வைகை கரையுடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் தூங்கி, அரசனிடம் பிரம்படி பட்டார். ஆவணி மூலத்தில் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. கடவுளே மண் சுமந்து, ஏழைக் கிழவி கையால் வாங்கித் தின்ற ஊர்!

ஆடி வீதி

ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளே. அங்கே போனதும் பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "கரையடைச்ச கூலிக்காரனோட பேரப்பிள்ளைங்க இங்க வர எந்த வருஷம் ஆச்சு தெரியுமா?"

1939 ஜூலை 8. அன்று காலை அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக் கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். நுழைந்தவர்களைக் காப்பாற்றும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் போகமாட்டேன் என்றிருந்த காந்தி 1946-இல்தான் வந்து தரிசித்தார். மேலூர் தாலுகாவின் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பின்னால் மாநில அமைச்சராகி, கடைசிவரை எளிமையாக வாழ்ந்தது உங்களுக்குத் தெரிந்ததே.

கோயில் கதவு இப்படி. காபி கிளப்பின் கதவு? காபி நம் ஊருக்குப் பழையதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவி, 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் 'காபி கிளப்' வந்தது. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று போர்டு. தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்த இரண்டு இடமும் இல்லை. ரயிலடி உணவு விடுதியில் இருந்த பிரிவினை 1941-இல் போனது. சென்னையில் ஒரு ஹோட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957-இல் மறியல் நடத்தினார். நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். கடை, உணவு விடுதி, ஹோட்டல், கிணறு, குளம், சாலை என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிய சட்டத்தில் போய் யாராவது ஹோட்டலை எழுதுவார்களா என்று அன்று நினைத்தேன். ஏன் எழுதினார்கள் என்று எனக்குப் புரிய வைத்தவன் என் ரூம் மேட்.

ஒரு கிளாஸ்

அவன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பதினொரு பேரில் அவனும் ஒருவன். முதல் வருஷம் தங்கம் தியேட்டரில் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு நாலைந்து பேர் வந்தோம். (பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த அந்தப் பெரிய தியேட்டர் இன்று இல்லை. சின்னப் பசங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.) மேல மாசி வீதிப் பக்கம் ஒரு ஹோட்டல். இலை போட்டு இட்லி, நாலு சட்னி, பொடி. கடைசியில் காபி. எல்லாரும் குடித்துவிட்டு எழுந்தோம். அவன் மட்டும் தன் கிளாஸைக் கையோடு எடுத்துக் கொண்டுபோய், கை கழுவும் குழாயில் அலசி, கவிழ்த்து வைத்தான்.

சர்வர் வயசான மனுஷர். ஓடி வந்தார். "ஏன் தம்பி, நீங்க எதுக்குக் கழுவுறீங்க? அங்கிட்டே வையுங்க. அதுக்கு ஆள் இருக்குல்ல."

நாங்கள் சிரித்தோம். "மாப்ளே, சம்பளம் கேளுடா" என்று ஒருத்தன் கேலி செய்தான். ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது பாலத்தின் மேல் அவன் சொன்னான்: "எங்க ஊர்க் கடையில எங்களுக்குத் தனி கிளாஸ்டா. வெளிய நின்னு குடிக்கணும். குடிச்சுட்டுக் கழுவி வைக்கணும். கை அதுவா போயிருச்சு."

தீண்டாமையை ஒழித்த 17-ஆம் உறுப்பு வந்து 22 வருஷம், 1955-இல் தண்டனைச் சட்டம் வந்து 17 வருஷம் ஆகியிருந்தது. இரண்டையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனின் கையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் எங்கும் எழுதாதது. அந்தப் பொங்கலுக்கு அவனை எங்கள் ஊருக்குக் கூட்டிக் கொண்டு போனேன். அம்மா நல்லபடியாகத்தான் சாப்பாடு போட்டாள், கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். ஆனால் அவன் குடித்த டம்ளர் மட்டும் அடுப்படிக்குள் வராமல் கொல்லைச் சுவரின் மேலேயே இருந்தது. நான் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்து உள்ளே வைக்கக்கூட இல்லை. வைத்தியநாத ஐயரைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு எட்டு மார்க் வாங்கியவன் நான்.

முப்பது வருஷம் கழித்து, அவன் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது கேட்டேன்: "அன்னிக்கு நீ பாத்தியாடா?"

"பாத்தேன். அதுக்கப்புறம் நீ ஊருக்குக் கூப்பிட்டப்பல்லாம் பரீட்சை இருக்குன்னு சொன்னேன்ல. நமக்கு ஏதுடா அவ்வளவு பரீட்சை?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரைக்கு அவனிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாதே, விஷயத்தை எழுது" என்றான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

ஊர் நிறைய மாறிவிட்டது. புது மண்டபத்துத் தையல் கடைகளும் புத்தகக் கடைகளும் இடம் மாறிவிட்டன. ஜிகர்தண்டா குடிக்க வெளியூர்க்காரர்கள் விளக்குத்தூணைத் தேடி வருகிறார்கள். அது யாருக்கு வைத்த தூண் என்று யாரும் கேட்பதில்லை. கறிதோசைக்கு வரிசை நிற்கிறது. சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். மதுரையைச் சாப்பிடாமல் படிக்க முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அந்த நாற்காலிக்கு எந்த வீதி வழியாக, எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாததை அவன் சொல்வான்.

நாங்கள் பிரிந்து 50 ஆண்டு ஆகிறது. பதினொரு பேரில் ஏழு பேர் இருக்கிறோம். பேராசிரியர் இல்லை. சந்திப்புக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஏ.வி. பாலத்தில் கூடுவதாகப் பேசியிருக்கிறோம். வெளி வீதியில் தொடங்கி ஆடி வீதி வரை நடை. வர விரும்புகிற மாணவர்கள் வரலாம், செருப்பு நல்லதாக இருக்கட்டும். நடந்து முடித்து மேல மாசி வீதியில் காபி. அவனும் வருகிறான். அன்றைக்கு எல்லார் கிளாஸையும் நான் எடுத்துக் கொண்டுபோய்க் கழுவப் போகிறேன். சர்வர் திட்டினால் திட்டட்டும்.