நீர்வண்ணத்தில் காணாமல்போன ஆட்கள்

நீர்வண்ண நிலக்காட்சி என்றாலே துரைமார், துரைசானிமாரின் சும்மா ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அதன் பிறப்பு அவ்வளவு சாதுவானதல்ல. 1746இல் கலோடனில் கிளர்ச்சியை நசுக்கிய பிரிட்டிஷ் அரசு, மறு ஆண்டே ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களை அளக்க ஆரம்பித்தது. அதற்கு வரைவாளராகப் போனவர் பால் சான்ட்பி. பிற்பாடு ஆங்கில நீர்வண்ணத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர். வரைபடத்தில் மலைச்சரிவைக் காட்டுகிற நீர்ப்பூச்சுதான் நிலக்காட்சியில் மூடுபனியாகிறது. கையும் ஒன்று, தூரிகையும் ஒன்று. 1768 முதல் அவர் வுல்விச் ராணுவப் பள்ளியின் ஓவிய ஆசிரியர்.

கம்பெனி 1809இல் தொடங்கிய அடிஸ்கோம் பள்ளியிலும் இதே பாடம்தான். அங்கே படித்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய பொறியாளனுக்கும் பீரங்கிப்படைக்காரனுக்கும் கோட்டையை வரையத் தெரியும், குன்றையும் வரையத் தெரியும். எதை விடவேண்டும் என்பதை வில்லியம் கில்பின் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். வை நதிப் பயணம் பற்றிய அவரது நூல் 1782இல் வந்தது. டின்டர்ன் மடாலயத்தின் சுவர்முனைகளைச் சம்மட்டியால் தட்டிவிட்டால் அழகு கூடும் என்கிறார் பாதிரியார்! இடிபாட்டில் ஒண்டியிருந்த ஏழைகளையும் அவர் பார்க்காமலில்லை, எழுதவும் செய்தார். ஆனால் அழகின் கணக்கில் அவர்களுக்கு வரவு கிடையாது.

இந்தக் கண்தான் நீலகிரிக்கும் ஏறிவந்தது. 1819இல் சல்லிவன் மலைக்குப் போனார். 1820களில் ஊட்டி ஏரி வெட்டப்பட்டது. தசாப்தம் முடிவதற்குள் நோயுற்ற ராணுவத்தாருக்கான உடல்நல விடுதியும் வந்துவிட்டது. 1837இல் கேப்டன் ரிச்சர்ட் பாரன் தம் நீலகிரிக் காட்சிகளை லண்டனில் அச்சிட்டார். இத்தகைய படங்கள் வாங்குகிறவனிடம் என்ன சொல்கின்றன? இங்கிலாந்தைப்போலவே குளிர்ந்த மலை, ஆளில்லாத பச்சை, வந்து குடியேறலாம் என்கின்றன. தோடரின் எருமைகள் தலைமுறைகளாக மேய்ந்த புல்வெளி அது. ஓவியனின் பச்சைப் பூச்சுக்குள் மேய்ச்சல் உரிமை எப்படித் தெரியும்? தோடர் தெரிந்தாலும் மூலையில், மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக.

சல்லிவன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. தோடரிடம் நிலம் வாங்கியவரும் அவர்தான், அவர்களது நில உரிமைக்காக அரசோடு வாதாடியவரும் அவர்தான். வாதம் எடுபடவில்லை. 1860களில் அரசே தொட்டபெட்டாவில் சின்கோனா நட்டது.

ஓவியப் பெட்டியையும் கூடாரத்தையும் மலைமேல் சுமந்தவர்கள் யார்? படத்தின் கீழே ஓவியன் பெயர் உண்டு, செதுக்கியவன் பெயரும் உண்டு.