யுகமும் மூச்சும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் பாங்கரில் விளங்குவது திருவக்கரை. திருஞானசம்பந்தர் பாடிய தலம். மும்முக இலிங்கமாகச் சந்திரமௌலீசுவரர் எழுந்தருளிய தலம். பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனை வழிபடத் திரளும் நாம், அருகே கிடக்கும் கல்மரங்களையும் காணுதல் வேண்டும்.

அவற்றை அசுரரின் எலும்புகள் என்பது ஊர் வழக்கு. 1781-இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா அவற்றைக் குறித்து எழுதினார். வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லாயின என்றும், அவற்றின் வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு என்றும் நிலவியலார் கூறுவர்.

இரண்டு கோடி என்று நாவால் சொல்லிவிடலாம்; உள்ளம் அதனைப் பற்றுமோ? பற்றுதற்குரிய அளவுகோலை நம் முன்னோர் வைத்துச் சென்றனர். ஒரு நாளுக்கு நாழிகை 60. ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகைக்கு விநாழிகை 60. விநாழிகைக்கு மூச்சு 6. ஆகவே நாளொன்றுக்கு மூச்சு 21,600. தில்லைப் பொன்னம்பலத்தின் பொன்னோடுகளும் இத்தொகையினவே என்பது மரபு.

இனிப் பேரளவைக் காண்போம். கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் கூடிய சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. அத்தகைய ஆயிரம் கொண்ட பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு.

இப்பொழுது ஓராண்டினை ஒரு மூச்சாகக் கொள்வோம். கலியுகம் முழுவதும் 20 நாளில் முடியும். சதுர்யுகம் 200 நாளில் முடியும். கி.மு. 3102-இல் தொடங்கியதாகப் பஞ்சாங்கங்கள் கொள்ளும் கலியில், முதல் நாளின் 15 நாழிகைகூட இன்னும் கழியவில்லை! பிரமனின் பகலோ 548 ஆண்டுகளை வேண்டும். நம் கல்மரங்கள் இரண்டரை ஆண்டுக்கு முன் வீழ்ந்தவை. சம்பந்தர் பாடியது நான்கு நாழிகைக்குள். செம்பியன் மாதேவியார் இங்குக் கற்றளி எடுப்பித்தது மூன்று நாழிகைக்குள்.

புராணக் கணக்கு வேறு, நிலவியல் கணக்கு வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ முயலுதல் வேண்டா. இரண்டினையும் நமக்கு உணர்த்தும் அளவுகோல் மட்டும் ஒன்றே. அது நம் மூச்சு.

அக்கோலால் நம்மையும் அளப்போம். 72 ஆண்டு வாழ்ந்தவரின் வாழ்வு 72 மூச்சு. அதாவது 12 விநாழிகை. ஐந்து நிமிடமும் நிறையாது! இவ்வளவுதானா என்று மனம் தளர வேண்டா. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அதே 72 ஆண்டில் நாம் உண்மையாக விடும் மூச்சு ஏறக்குறைய 57 கோடி. பிரமனின் பகலில் ஆண்டுகள் 432 கோடி என்றால், எளிய மனிதனின் வாழ்நாளில் மூச்சுகள் 57 கோடி!

காலம் நமக்குக் குறைவாக அளக்கப்படவில்லை. நாம்தாம் எண்ணாமற் செலவிடுகிறோம். கல்மரத்தின்முன் ஒரு விநாழிகை நின்று, ஆறு மூச்சினை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தெழுத்தை அமைப்போம். யுகங்களைக் கடந்து நிற்கும் பெருமானை நெருங்க அதுவே வழி.

திருச்சிற்றம்பலம்.