‘எஸ்’ வந்த வழி

ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகளைக் காலங்காலமாகத் திணற வைக்கும் இடம் ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லில் எஸ் சேர்த்தால் பன்மை: ஒன்று என்றால் பேர்ட், பல என்றால் பேர்ட்ஸ். வினைச்சொல்லில் எஸ் சேர்த்தால் ஒருமை: பேர்ட் ஸிங்ஸ், பேர்ட்ஸ் ஸிங். பெயரோடு ஒட்டினால் கூட்டுகிற எழுத்து, வினையோடு ஒட்டினால் கழிக்கிறது. ஏன் என்று கேட்கிற பையனுக்கு, “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டும் ஒரே எஸ் அல்ல. வேறு வேறு விகுதிகளாகப் பிறந்து, வேறு வேறு காலத்தில் லண்டன் வந்து சேர்ந்தவை. உடைமையைக் காட்ட, தலையில் அபாஸ்ட்ரஃபியோடு வரும் மூன்றாவது எஸ்ஸும் உண்டு. அதன் கதை தனி.

பெயரோடு ஒட்டும் எஸ்ஸிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரு விகுதி இல்லை, ஒரு கூட்டமே இருந்தது. கல்லுக்கு ஸ்டான், கற்களுக்கு ஸ்டானஸ். இந்த ‘அஸ்’தான் இன்றைய எஸ்ஸின் பாட்டன். ஆனால் அதன் ஆட்சி ஆண்பால் பெயர்களோடு சரி, அதிலும் எல்லாவற்றிலும் இல்லை. (கல் ஆண்பாலா என்று கேட்கக் கூடாது. ஜெர்மனில் இன்றும் இருப்பதுபோல அன்றைய ஆங்கிலத்திலும் கல்லுக்கும் கப்பலுக்கும் பால் உண்டு.) பெயர் என்பதற்கு நாமா, பன்மையில் நாமன். கப்பல் ஷிப், கப்பல்கள் ஷிபு. சொல்லுக்கு வோர்ட், பல சொற்களுக்கும் அதே வோர்ட்தான். ஷீப், டீர் இரண்டும் இன்றும் பன்மையில் மாறாமல் நிற்பது இந்த வகையின் மிச்சம். புத்தகம் போக், பன்மையில் பேச்: ஃபுட் ஃபீட் ஆவதுபோல உள்ளே உயிரெழுத்து மாறும். அது அப்படியே வளர்ந்து வந்திருந்தால், இன்று கடையில் ரெண்டு ‘பீச்’ கொடுங்கள் என்று கேட்டுப் புத்தகம் வாங்கியிருப்பார்கள்.

இத்தனை போட்டியில் எஸ் எப்படி ஜெயித்தது? ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் தலையில் விழும், வால் பகுதி தேயும். அ, உ, எ என்று தெளிவாக ஒலித்த கடைசி உயிர்களெல்லாம் ஒரே முனகலாகிவிட்டன. போதாக்குறைக்கு, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் டேனியர்கள் குடியேறினார்கள். அவர்கள் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் வேர்ச்சொற்கள் நெருங்கியவை, விகுதிகள் வேறு. சந்தையில் பேரம் பேச வேர்ச்சொல் போதும், விகுதி இடைஞ்சல். விகுதிகள் வேகமாக உதிர்ந்ததற்கு மொழியியலாளர் பலர் சொல்லும் காரணம் இது. உயிரெழுத்து விகுதிகள் காற்றோடு போயின. சீறிக்கொண்டு வரும் எஸ்ஸை அவ்வளவு எளிதாக விழுங்க முடியவில்லை. பீட்டர்பரோ மடத்தில் 1154 வரை எழுதப்பட்ட ஆண்டுக் குறிப்பிலேயே அது மற்ற விகுதிகளின் இடத்தைப் பிடித்துவிட்டது தெரிகிறது. நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சிலும் பன்மைக்கு எஸ்தான். அது பின்னால் கை கொடுத்திருக்கலாம், ஆனால் ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

விகுதிகள் உதிர்ந்ததில் ஆங்கிலத்தின் நடையே மாறிப்போனது. ராஜாவை ராணி பார்த்தாள், ராணி ராஜாவைப் பார்த்தாள் என்று நாம் எப்படி மாற்றிப் போட்டாலும் பார்த்தது யார் என்பதில் குழப்பம் வராது, ஐ உருபு காவல் நிற்கிறது. பழைய ஆங்கிலத்துக்கும் ஓரளவு அந்தச் சலுகை இருந்தது. உருபுகள் போனபின் அந்த வேலையைச் சொற்களின் வரிசை எடுத்துக்கொண்டது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் வரிசை ஆங்கிலத்துக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல, விகுதிகளை இழந்ததற்கு ஈடாக வந்தது.

தெற்கே எஸ்ஸுக்கு ஒரு பலமான எதிரி மிஞ்சியிருந்தது: ‘என்’ விகுதி. கண்களுக்கு அங்கே ஐயென், செருப்புகளுக்கு ஷூன். இந்த மோதலை நேரில் பார்ப்பதுபோல ஒரு காட்சியை இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் அச்சிட்ட ‘எனிடோஸ்’ நூலின் முன்னுரையில் விட்டுச் சென்றிருக்கிறார். தேம்ஸ் நதியிலிருந்து ஜீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள் காற்று இல்லாமல் கரையோரம் தங்குகிறார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்ற துணி வியாபாரி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார், குறிப்பாக ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். அந்த அம்மாள், தனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார். வியாபாரிக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! கடைசியில் இன்னொருவர் ‘ஐரென்’ என்று கேட்க, புரிகிறது என்று தலையாட்டுகிறார் அந்த அம்மாள். இரண்டுக்கும் பொருள் முட்டைகள்தான். எக் என்பது டேனியர் வழி வந்த வடக்குச் சொல், எஸ்ஸோடு நிற்கிறது. ஐரென் தெற்கத்திச் சொல். அதன் முடிவில் பழைய பன்மை ஒன்றும், அது போதாதென்று மேலே ஏற்றிய ‘என்’ ஒன்றும் இருக்கின்றன. சில்ட்ரன் என்பதும் அதே அச்சில் வார்த்த இரட்டைப் பன்மை. எது அச்சேறுவது என்று காக்ஸ்டன் தலையைப் பிய்த்துக்கொண்டார். முட்டையில் வடக்கு ஜெயித்தது, குழந்தைகளில் தெற்கு. ‘என்’ கட்சியில் இன்று அன்றாடம் காதில் விழுவது சில்ட்ரனும் ஆக்ஸனும்தான்.

வினையோடு ஒட்டும் எஸ் முழுக்க முழுக்க வடக்கத்திக்காரர். தெற்கில் படர்க்கை ஒருமைக்கு ‘எத்’ என்று முடிப்பார்கள்: ஸிங்கெத், கமெத். வடக்கில், நார்தம்பிரியாவில், பத்தாம் நூற்றாண்டிலேயே எஸ் தலைகாட்டிவிட்டது. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் லத்தீன் வரிகளுக்கு இடையே ஆல்ட்ரட் என்ற பாதிரியார் பொடி எழுத்தில் ஆங்கிலப் பொருள் எழுதி வைத்தார். அதில் எத்தும் எஸ்ஸும் கலந்து வருகின்றன, ஒருமைக்கும் வருகின்றன, பன்மைக்கும் வருகின்றன. ஆக, ‘வினையில் எஸ் என்றால் ஒருமை’ என்ற விதி அதற்குப் பிறவியில் கிடையாது.

லண்டன்காரர்களுக்கு இந்த எஸ் நெடுநாள் கேலிப்பொருள். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் எழுதிய ‘ரீவ்ஸ் டேல்’ கதையில், கேம்பிரிட்ஜில் படிக்கும் இரண்டு வடக்கத்திப் பையன்கள் மாவு மில்லுக்கு வருகிறார்கள். வினைக்கு வினை எஸ் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டவர்கள் சிரிக்கட்டும் என்றே சாஸர் அப்படி எழுதினார். சிரிப்பு நீடிக்கவில்லை. வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களோடு அந்தப் பேச்சும் லண்டனில் குடியேறியது. ஷேக்ஸ்பியரில் ஹாத்தும் உண்டு, ஹாஸும் உண்டு. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிள் மட்டும் வைராக்கியமாக எத்தையே பிடித்துக்கொண்டது. வேதத்துக்குப் பழைய வாசனை வேண்டியிருந்தது போலும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எத் பிரசங்க மேடையோடு நின்றுவிட்டது. அன்று சாஸர் வைத்துச் சிரித்த விகுதியை விட்டால் இன்று பரீட்சையில் மார்க் குறைகிறார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. இங்கிலாந்திலேயே நாரிச் பக்கம் பேச்சுவழக்கில் ஷீ கோ, ஹீ ரன் என்று எஸ் இல்லாமல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும்.

மூன்றாவது எஸ்ஸின் போக்கு இன்னும் விசித்திரம். உடைமை காட்டும் ‘எஸ்’ விகுதி ஆரம்பத்தில் எல்லாப் பெயருக்கும் ஒட்டாது. மரியன்னைக்கு உரிய மார்ச் 25-ஐ லேடி டே என்கிறார்களே, ஏன் லேடீஸ் டே இல்லை? லேடி பெண்பால், அதற்கு எஸ் உரிமை இல்லாத காலத்தில் பிறந்த பெயர் அது. பிறகு எல்லாவற்றுக்கும் பரவியது. அதோடு நிற்காமல், சொல்லை விட்டு இறங்கித் தொடரின் வாலுக்கே போய்விட்டது. ‘வைஃப் ஆஃப் பாத்’ என்ற தன் பாத்திரத்தைப் பற்றி ஓரிடத்தில் சொல்லும்போது, சாஸர் எஸ்ஸை வைஃபோடு ஒட்டிவிட்டு ஆஃப் பாத்தைப் பின்னுக்குத் தள்ளினார். இன்று அந்தப் பாத்திரம் சொல்லும் கதையின் பெயர் ‘வைஃப் ஆஃப் பாத்’ஸ் டேல்’. கதை பாத் நகரத்தினுடையதல்ல, அந்த மனைவியினுடையது. ஆனாலும் எஸ் ஒட்டியிருப்பது ஊர்ப்பெயரில்.

இதன் பூர்வீகம் மறந்துபோனவர்கள், இது ‘ஹிஸ்’ஸின் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பென் ஜான்சனின் நாடகத்துக்கு ‘செஜானஸ் ஹிஸ் ஃபால்’ என்று பெயர். அப்படியானால் ராணியின் மகுடத்தில் ‘ஹிஸ்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பின்னர் நிலைத்த அபாஸ்ட்ரஃபி இன்றுவரை தகராறு. லண்டன் சுரங்க ரயிலில் ஏர்ல்’ஸ் கோர்ட்டுக்கு அது உண்டு, அடுத்த நிலையமான பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை.

இதுவரை வடிவம். பொருளுக்கு வந்தால் எஸ் இன்னும் வழுக்கும். பன்மை என்றால் ஒன்றுக்கு மேல் என்று படித்திருக்கிறோம். பூஜ்ய டிகிரிக்கும் ஆங்கிலத்தில் டிகிரீஸ்தான். ‘டு யூ ஹாவ் சில்ட்ரன்?’ என்று கேட்டால் ஒரே பிள்ளை உள்ளவரும் யெஸ் என்றுதான் சொல்வார். ஒன்றுக்கு மேல் என்பதுதான் அதன் பொருள் என்றால் அவர் நோ சொல்லியிருக்க வேண்டும். கேள்வியில் எண்ணிக்கையைப் பற்றிப் பன்மை வாயைத் திறப்பதே இல்லை.

எஸ்ஸைப் பார்த்தாலே பன்மை என்று ஆங்கிலேயர்களே ஏமாந்ததும் உண்டு. பட்டாணிக்குப் பழைய சொல் பீஸ், அது ஒருமை. கடைசியில் சீறல் கேட்டதால் பன்மை என்று எண்ணி அதை வெட்டி, பீ என்று ஒரு புதுச் சொல்லைச் செய்தார்கள். செர்ரிப் பழமும் அப்படி எஸ் இழந்து வந்ததுதான்.

பிள்ளைகள் இந்த எஸ்ஸை எப்படிக் கற்கிறார்கள் என்று ஜீன் பெர்கோ 1958-இல் பரிசோதித்துப் பார்த்தார். குருவி மாதிரி ஒன்றை வரைந்து, இது ஒரு வக் என்றார். இரண்டு வரைந்து காட்டினால் என்ன சொல்வாய்? உலகத்தில் இல்லாத சொல்லுக்கும் குழந்தைகள் வக்ஸ் என்றார்கள், அதுவும் சரியான ஒலியோடு. ஆங்கிலத்தில் கேட்ஸின் கடைசி ஒலி வேறு, டாக்ஸின் கடைசி ஒலி வேறு. பின்னது ஸூ என்னும் மிருகக்காட்சிசாலையின் முதல் ஒலி. தமிழ் எழுத்தில் பொதுவாக இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை, நம்மில் பலர் வாயும் பிரிப்பதில்லை. முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்த்து மூன்று எஸ்ஸும் ஒரே மாதிரி ஒலி மாறும். ஆனால் குழந்தைகளுக்கு மூன்றும் ஒன்றாகக் கைவருவதில்லை. ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து 1973-இல் எழுதிய நூலின்படி, முதலில் பன்மை எஸ், பிறகு உடைமை எஸ், வெகுநாள் கழித்தே வினை எஸ். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கே வினை எஸ் கடைசியில்தான் வருகிறது.

தமிழுக்குள் வந்த எஸ் இங்கே வேறு வேலை பார்க்கிறது. நமக்கு ரெண்டு இட்லி போதும், இட்லிகள் தேவையில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லோடு வந்த எஸ்ஸைப் பன்மையாக நாம் கண்டுகொள்வதில்லை. கூட்டமான டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “ஒரு லேடீஸ் நிக்கிறாங்க பாருங்க, எந்திரிங்க தம்பி” என்பார். லேடீஸ் இங்கே ஒருத்தர், எஸ் சொல்லின் உடம்போடு சேர்ந்துவிட்டது. பலர் என்றால், “லேடீஸுங்கல்லாம் முன்னாடி வாங்க” என்பார். பழைய பன்மையின் மேல் புதிய பன்மை, சில்ட்ரனைப் போல.