பாக்டீரியாவும் ஒரு சமன்பாடும்

கடலூர், சிதம்பரம் பக்கம் இரவில் பாலுக்கு உறை ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிவிடும். கொஞ்சூண்டு மோரில் இருந்த பாக்டீரியா எப்படி இவ்வளவு பெருகியது? இதுபோன்ற கேள்விக்கு 1911-லேயே கணக்கில் பதில் எழுதியவர்கள் மெக்கென்ட்ரிக், கேசவ பாய் என்ற இருவர். முன்னவர் இந்தியாவில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து டாக்டர்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு பாக்டீரியா, 10 மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் உணவு குறையக் குறைய வேகமும் குறையும். இதைத்தான் அவர்கள் சமன்பாடாக்கினார்கள்.

1927-ல் மெக்கென்ட்ரிக், கண்பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக்குடன் சேர்ந்து, கிட்டத்தட்ட இதே யோசனையை ஊருக்கே பொருத்தினார். உணவுக்குப் பதில், இன்னும் நோய் வராத மனிதர்கள்! அவர்கள் ஓரளவு குறைந்தாலே கொள்ளைநோய் தணியும். எல்லோருக்கும் வந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. 1905-06-ல் பம்பாயில் பிளேக்கால் வாராவாரம் இறந்தவர்களின் கணக்கு அவர்களுடைய கோட்டோடு அழகாகப் பொருந்தியது.

பொருந்தினால் போதுமா? பிளேக் பாக்டீரியா எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. பம்பாயில் அது வருடாவருடம் ஒரு பருவத்தில் ஏறி, பிறகு தானே இறங்கியது. சமன்பாட்டில் எலியும் இல்லை, பருவமும் இல்லை. தங்கள் எண்கள் தோராயமானவையே என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எலியையும் பருவத்தையும் சேர்த்து அதே பம்பாய்க் கணக்கை நிக்கோலாஸ் பகாயேர் மறுபடி போட்டுப் பார்த்தது 2012-ல்தான்.